வெளிறிய வண்ணத்துப்பூச்சியும் செம்புத் தண்ணீரும்

போன பிப்ரவரியில் நான் நெய்வேலிக்குப் போனது சுரங்கம் பார்க்க அல்ல. கல்லூரித் தோழி தீபா அங்கே தங்கி, பூச்சிகளின் நிறத்தைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தாள். “ஒரு வீட்ல ஒரு விஷயம் சொல்லணும். தனியா போக மனசு வரல, வாயேன்” என்று போனில் கூப்பிட்டாள்.

கடலூரிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்து. குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. வானம் மூடிக் கிடந்தது. சாலையோர எருக்கஞ்செடிகள் லாரிப் புழுதியில் பச்சை தெரியாமல் நின்றன. டவுன்ஷிப்புக்குள் மட்டும் நேரான சாலைகள், நிழல், ஒரே மாதிரிக் குவார்ட்டர்ஸ்.

ஆர்ச் கேட் அருகே டீ குடித்துக்கொண்டே தீபா விளக்கினாள். பூச்சியின் உடம்பிலும் உலோகங்கள் உண்டு, துளித்துளியாக. பல புழுக்களின் தாடை விளிம்பைத் துத்தநாகம் கெட்டிப்படுத்துகிறது. கருநிறம் உண்டாக்கும் நொதி வேலைசெய்யத் தாமிரம் வேண்டும். அவள் எருக்கிலிருந்து எடுத்து வளர்த்த புழுக்களில் சில, கருப்பு வரவேண்டிய இடமெல்லாம் வெளிறிய பழுப்பாக, சிறகு சரியாக விரியாத வண்ணத்துப்பூச்சிகளாக வெளிவந்தன. தாமிரக் குறைவாக இருக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். அதை, செடி இருந்த வயலின் சொந்தக்காரி மல்லிகாவிடமும் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள்.

மல்லிகாவின் மகள் சுகன்யாவுக்கு வெண்படை.

அவர்கள் ஊருக்கு ஆட்டோவில் இருநூறு ரூபாய், ஒன்பது கிலோமீட்டர். “அந்த ஊர்ல பாக்க ஒண்ணும் இல்லீங்களே” என்றார் ஓட்டுநர்.

மல்லிகாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அன்று முதல் ஷிப்ட். சுகன்யா வடலூரில் துணிக்கடையில் நிற்கிறாள், அன்று லீவு. சமையலறை மேடையில் செப்புக் குடம் பளபளவென்று இருந்தது.

“நீ சொன்னதுலேர்ந்து இதுலதாம்மா தண்ணி. எலுமிச்சம்பழம் புழிஞ்சி ராத்திரி வெச்சிடறேன். காலையில வாந்தி வருதுங்கறா. அழுக்கு வெளிய போவுது போல” என்றார் மல்லிகா.

தீபாவின் முகம் மாறியது. “அக்கா, மொதல்ல அத நிறுத்துங்க. புளிப்பு பட்டா செம்பு கரைஞ்சி தண்ணில எறங்கிடும். வாந்தி அதனாலதான்” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். சோதனை முடிவு வந்துவிட்டது. வெளிறிய பூச்சிகளிலும் கருத்த பூச்சிகளிலும் தாமிரம் ஒரே அளவுதான். வெண்படை வேறு விஷயம்; தோலில் நிறம் தரும் செல்களே அங்கே போய்விடுகின்றன, செம்பு கொடுத்தாலும் திரும்ப வராது.

“அப்ப பூச்சி ஏன் வெளுத்துச்சி?”

“தெரியலக்கா.”

மல்லிகா குடத்தின் விளிம்பை முந்தானையால் துடைத்தார். “ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வராங்க. அதுக்குள்ள கொஞ்சமாவது கருத்துடும்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“வரமாட்டாங்கம்மா” என்றாள் சுகன்யா. “எனக்கு வெண்படை இருக்குன்னு நேத்து நானே போன் பண்ணி சொல்லிட்டேன். யோசிச்சி சொல்றோம்னு வெச்சிட்டாங்க.”

மல்லிகா மகளைத் திட்டவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வெகுநேரமாகியும் அவர் உள்ளே வரவில்லை.

பேருந்து நிறுத்தம் வரை சுகன்யா வந்தாள். தீபா மன்னிப்புக் கேட்டாள். “நீங்க என்னக்கா பண்ணுவீங்க? அம்மாவுக்காகத்தான் குடிச்சேன்” என்றாள் சுகன்யா. பேருந்து தூரத்தில் தெரிந்தபோது வேறு யாரிடமோ சொல்வதுபோலத் தொடர்ந்தாள்: “அப்படித்தான் சொல்லிக்கினு இருந்தேன். ஆனா தெனம் எழுந்தவொடனே கையத்தான் பாப்பேன்.”

நெய்வேலி போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் போய்விடுங்கள், கிராமங்களுக்குப் பேருந்து குறைவு, திரும்பும் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். செம்புப் பாத்திரத்தில் எலுமிச்சை, மோர், புளி எதுவும் வைக்காதீர்கள். வெண்படை தொற்றாது, தோல் மருத்துவரிடம் சிகிச்சை உண்டு, ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. இதைச் சுகன்யாவிடமும் சொன்னோம். அடுத்த வாரம் திங்கட்கிழமை கடலூர் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னாள். தீபா அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தாள். சாயங்காலம் வரை யாரும் வரவில்லை.