ரஷ்யர்கள் பூட்டாத கதவு

அன்பான உறவுகளே, நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2012 மார்கழியில் பாரிஸில் என் கணவர் அருளப்புவுக்கு நெஞ்சுவலி வந்தது. தனியே விடக்கூடாது என்றார் வைத்தியர். எனக்கோ தூரத்து ஹோட்டலில் வேலை, விடவும் வழியில்லை. "ஆண்டவரே, நான் இல்லாத நேரம் இவரைப் பார்க்க ஒருவரை அனுப்பும்" என்று மெத்ரோ ரயிலில் அழுதபடியே செபமாலை சொல்வேன்.

ரூ பெர்தொனே என்ற எங்கள் தெருவில் எங்களுக்குக் கீழ்மாடியில் வேரா என்ற ரஷ்யக் கிழவியும் அவளுடைய தங்கையும் தம்பியும் இருந்தார்கள். கிறிஸ்து எந்த நேரமும் வந்து ஆயிரம் ஆண்டு அரசாளுவார் என்று காத்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு சபை. ரஷ்யாவில் அடிபட்டுச் சிதறி, எனக்குத் தெரிய இந்த மூவர்தான் மிச்சம். வருகிறவர் வாசலில் காத்து நிற்கக்கூடாதென்று கதவைப் பூட்டுவதே இல்லை. பாரிஸில் பூட்டாத கதவா! ஏதோ கள்ள வேலை என்றே நினைத்தேன்.

"அங்கை மட்டும் காலடி வைக்காதேங்கோ" என்றேன் கணவரிடம்.

"ஓமப்பா, ஓம்."

ஒருநாள் வேலையிடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பதறி ஓடினேன். உயிரோடிருந்தார்.

"படியாலை இறங்கேக்கை வலி கூடிட்டுது. தட்டக்கூடச் சீவன் இல்லை. அவையின்ரை கதவிலை சாய்ஞ்சன், அது திறந்திட்டுது. வேராதான் அம்புலன்சைக் கூப்பிட்டவ."

விம்மி அழுதேன். அழுதுகொண்டே கேட்டேன்: "அவையள் குடிக்க என்ன தந்தவை?"

நன்றி சொல்லப் போனபோதும் என் கண் மூலை முடுக்கெல்லாம் துழாவியது. கள்ளர் வரமாட்டார்களா என்று பிரெஞ்சில் கேட்டேன். வேரா சிரித்தாள்.

"எங்கள் ஊரில் எங்களைப் பிடிக்க வந்தவர்களும் இப்படித் திறந்த கதவால்தான் வந்தார்கள். எங்களோடு சேர வந்தவர்களும் அதே கதவால்தான். பூட்டியிருந்தால் சேர வந்தவர்களும் திரும்பிப் போயிருப்பார்கள், இன்று நாங்கள் இல்லை."

ஆண்டவர் என் செபத்துக்கு எப்போதோ பதில் தந்திருந்தார். நான்தான் அதைச் சந்தேகப்பட்டுக்கொண்டு படியேறி இறங்கியிருக்கிறேன்.

இப்போது வேராவின் தங்கையும் தம்பியும் காலமாகிவிட்டார்கள். வேரா விழுந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என் கையைப் பிடித்து ஒன்றுதான் கேட்டாள்: "பூட்டிவிடாதே."

அவர்களுடைய சபையில் நான் சேரவில்லை. நான் மாதாவின் பிள்ளை. ஆனாலும் வேலை முடிந்ததும் அவள் வீட்டில் செபமாலையோடு இருக்கிறேன். மற்ற நேரம் அருளப்பு இருக்கிறார். படியில் காலடி கேட்டால் இன்னமும் செபத்தை நிறுத்திக் காது கொடுக்கிறேன்.

மனம் பாரமானவர்களே, நம்பி வாருங்கள். இரண்டாம் மாடி, இடப்பக்கம். தட்டத் தேவையில்லை. வருவது யாரென்று மட்டும் நான் எட்டிப் பார்ப்பேன்.