கோமாளிக்குக் குரல் கொடுத்தவள்

போன வியாழக்கிழமை செங்கம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் எங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படித்தவன். டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றான். "நம்ம வேதவல்லி டீச்சர் போயிட்டாங்க டீச்சர். நேத்து எடுத்துட்டாங்க. உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா?" என்றான். சொல்லியனுப்பும்படியாக நானும் நடந்துகொள்ளவில்லை.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தத் தோல்பாவைகள் நினைவிருக்கும். கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு வந்த கூத்துக்காரர்களிடம் கேட்டு வாங்கியவை. வகுப்பின் ஜன்னல்களைச் சாத்தி, வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் அரிக்கேன் விளக்கை வைப்பார். அட்டையில் வெட்டிய எழுத்துகள் திரையில் பெரிதாக எழும். கோமாளிப் பாவை அதைத் தப்பாகப் படிக்கும். பிள்ளைகள் கத்தித் திருத்துவார்கள். உடனே அது தலையில் கை வைத்து, "தப்பா படிச்சிட்டேன், இன்னொருவாட்டி படிக்கிறேன்" என்று சொல்லும். வாயே திறக்காத பிள்ளைகூட இரண்டே மாதத்தில் கோமாளியைத் திருத்தக் கிளம்பிவிடும். "தப்ப பொம்மை பண்ணட்டும், பிள்ளைங்களுக்குப் பயம் விட்டுடும்" என்பார். முதலில் கேலி செய்த நான், பிறகு ஆசைப்பட்டு ஆட்டக் கற்றுக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வந்த அன்று வேதவல்லிக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவர் விளக்கைப் பார்த்துக்கொள்ள, கோமாளி என் கையில். 'ஆடு' என்ற அட்டையைக் காட்டி உற்சாகமாக 'மாடு' என்றேன். பிள்ளைகள் திருத்துவதற்குள் கதவு திறந்தது. அறையை இருட்டாக்கித் தப்புப் பாடம் நடத்துவது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். என் வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தரையைப் பார்த்தேன். வேதவல்லி என் கையிலிருந்து பாவையை வாங்கிக்கொண்டு, கட்டிய தொண்டையோடு "நான்தாங்க ஐயா" என்றார்.

அவரை ஜவ்வாது மலையடிவாரப் பள்ளிக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறி, அப்புறம் நடை. போகிற அன்று கோமாளியை என்னிடம் கொடுத்து, "பாதி எழுத்துதான் ஆயிருக்கு, நீ முடிச்சுடும்மா" என்றார். நான் அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன். பாடம் தெரியாதவர் என்று ஆசிரியர் அறையில் அவரைப் பேசியபோது நானும் தலையாட்டினேன்.

பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். கோபமாகக்கூட அவர் பேசவில்லை. "கோமாளியே ஒத்துக்கும். உனக்கு ஏம்மா வாய் வரல?" என்று மட்டும் கேட்டார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

கோமாளி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு கை பிய்ந்துவிட்டது. அவரைக் குறை சொன்னவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள். அன்று தப்பாகப் படித்தது வேதவல்லி டீச்சர் இல்லை. நான்.