டேவ் தப்பாக வாசித்த பாட்டு

போன சனிக்கிழமை மதியம் என் கணவர் டான்ஸ் ஆடினார்.

நம்ப முடிகிறதா? எங்கள் கல்யாண ரிசப்ஷனிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர் அவர்!

மார்ச்சில் கணேசனுக்கு வேலை போய்விட்டது. அன்றிலிருந்து சோபா, லேப்டாப், சோபா. பக்கத்து ஊர் பிரிட்ஜ்வாட்டரில் கோயில், பத்து நிமிஷ டிரைவ் — கூப்பிட்டால் வரமாட்டார். "எல்லாரும் வேலையைப் பத்திக் கேப்பாங்க." டல்லாஸில் இருக்கும் சொந்த அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு டேவ் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றார். ரிட்டயர் ஆன பல் டாக்டர். எழுபதுகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு ராக் இசைக்குழுவின் பாட்டுகளை, நண்பர்களோடு பார்க்கில் வாசிக்கப் போகிறாராம். பேஸ் கிடார் இவர்தான்.

குளிர்காலம் முழுக்க எங்கள் வாசலுக்கும் சேர்த்துப் பனி தள்ளியவர். எப்படி நோ சொல்வது?

போனோம். புல்வெளி முழுக்க, பல வண்ணச் சாயம் தெறித்த டி-ஷர்ட் போட்ட தாத்தாக்கள். வெறுங்காலோடு!

முதல் பாட்டு தொடங்கியது... போனது... போய்க்கொண்டே இருந்தது. பாடியது இரண்டு நிமிஷம், மீதி எல்லாம் வாசிப்பு.

"முடியவே முடியாதா இது?" என்றார் கணேசன்.

பக்கத்துப் பாயில் இருந்த அம்மாள், எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு சிரித்தார். "ஃபர்ஸ்ட் டைமா? எங்க போகுதுன்னு வாசிக்கிறவங்களுக்கே தெரியாது!" என்றார் ஆங்கிலத்தில்.

திடீரென்று டேவின் கிடார் தடுமாறியது. எனக்கே தெரிந்தது. டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார்... சிரித்தார்... டேவ் தவறிப்போன அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு பாட்டை வேறு பக்கம் திருப்பினார். மொத்தக் குழுவும் பின்னாலேயே போனது. கூட்டம் ஹோ என்று கத்தியது.

"பாத்தியா? தப்பா வாசிச்சாரு! நிறுத்தவே இல்ல, அப்படியே போறாங்க!" கணேசன் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"நீயும் வா."

சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ஆடுகிற மாதிரி ஓர் ஆட்டம். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. ஆனால் முகம்... அந்த முகத்தை நான் பார்த்து நாலு மாசம் ஆகிறது. எனக்குத்தான் கண் கலங்கியது. ஆடிக்கொண்டே துடைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் கணேசன் நேராக டேவிடம் போய், "நடுவுல ஒரு இடத்துல தப்பு பண்ணீங்கல்ல?" என்று கேட்டுவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒண்ணா? நாலு!" என்றார் டேவ். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

காரில் ஏறியதும் அண்ணனுக்குப் போன். ஸ்பீக்கரில்.

"அண்ணா, எனக்கு மார்ச்லயே வேலை போயிடுச்சு."

"டேய்! ஏன்டா சொல்லல?"

"இப்ப சொல்றேன்ல!"

அண்ணன் திட்டினார். அப்புறம், "ரெஸ்யூமே அனுப்புடா" என்றார். இவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. தோள்பட்டை வலிதான் கிடைத்திருக்கிறது — இரண்டு பேருக்கும்!