மண்ணெண்ணெயில் கழுவிய பிறேக்

மனைவியின் தம்பி வெளிநாட்டிலிருந்து கப்பலில் அனுப்பிய மோட்டார் சைக்கிள், சமாதான காலத்தில் ஒரு வருடம் எங்கள் கிளிநொச்சி வீட்டில் நின்றது. லீவில் வரும்போது ஓடவென்று அவன் வாங்கியது. மற்ற நாட்களில் பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்க நான் கொண்டுபோவேன். திடீரென்று பிடித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் பிறேக் அதில் இருந்தது. பக்கத்து கராஜ்காரர் சீற்றைத் தூக்கி வயர்களைப் பார்த்தார்.

"எனக்கு இது வேண்டாம் அண்ணை. பிழைச்சால் பேப்பரில எழுதிப்போடுவியள்."

முன் பிறேக் கட்டைகள் தேய்ந்தபோது நானே மாற்றினேன். தம்பிக்குத் தொலைபேசியில் பெருமையாகவும் சொன்னேன். சக்கரத்தோடு சுற்றும் பிறேக் தட்டைக் கவ்வும் பிடியைக் கழற்றி, உள்ளே இருந்த பிஸ்டனையும் றப்பர் வளையங்களையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். அதை யோசித்துச் செய்யவில்லை. பெற்றோலுக்குத் தடை இருந்த போர்க்காலத்தில் வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடியதே மண்ணெண்ணெயில்தான். செயினையும் பேரிங்கையும் கடைசியில் எங்கள் கைகளையும் அதில்தான் கழுவினோம்.

இரண்டு நாள் கழித்து, பரந்தன் தாண்டியதும் வண்டி இழுபட்டது. இறங்கிப் பார்த்தேன். பிறேக் தட்டில் விரல் வைக்க முடியவில்லை. அரை மணித்தியாலம் ஆறவிட்டேன்; சக்கரம் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றியது. ஏபிஎஸ் விளக்கும் வழமைபோல, வண்டி நகர்ந்ததும் அணைந்தது.

வெள்ளிக்கிழமை வேலையாக வவுனியா போனபோது உதிரிப்பாகக் கடைக்கார நானாவிடம் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"மண்ணெண்ணெயில கழுவினீங்களா?"

"ஓம்."

"ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அங்கால இருந்து வாற எல்லாரும் இதைத்தான் செய்யிறீங்க. றப்பர் வீங்கிட்டு. சூடாகினா ஒரு நேரம் அப்படியே பிடிச்சுக்கொள்ளும். புதுசு போடுமட்டும் ஓடாதீங்க. கொழும்பில இருந்து வர பத்து நாள் செல்லும்."

தம்பி லீவில் அன்று மாலையே மகளோடு வந்து இறங்கினான். சாப்பாட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். அவன் எல்லாருக்கும் முன்னால், "அத்தான் பத்திரிகையை விட்டிட்டு கராஜ் போடலாம்" என்றான். மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். படுத்தும் நித்திரை வரவில்லை. எழும்பிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது.

காலையில் அவன் தன் ஆறு வயது மகளை வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போக வெளிக்கிட்டான். நான் கிணற்றடிக்கும் வாசல் படலைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன். கிணற்றடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அவன் முற்றத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று ஓடி வந்து நிறுத்தினான். பிள்ளையைத் தூக்கி முன்னால் இருத்தினான். பிள்ளை எனக்குக் கை காட்டியது.

"தம்பி, கொண்டுபோகாதை. பிறேக் சரியில்லை."

"விளக்கு அணைஞ்சிட்டுதே அத்தான். பிழை இருந்தால் அது காட்டும்."

"அது சக்கரம் சுத்துறதையும் வயரையும்தான் பாக்கும். றப்பர் வீங்கினது அதுக்குத் தெரியாது. நான் மண்ணெண்ணெயில கழுவிப்போட்டன். சூடாகினால் முன்சக்கரம் இறுகிப்போகும்."

அவன் எஞ்சினை நிறுத்தினான். பிள்ளையை இறக்கினான். உருவிய வண்டித் திறப்பை என் கையில் தரவில்லை. சீற்றின் மேல் வைத்தான். பிறகு இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பிள்ளை மோட்டார் சைக்கிள்தான் வேணும் என்று ஒழுங்கை முடியும்வரை அழுதது.

மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நேற்று மத்தியானம்."

"பிள்ளையை ஏத்துமட்டும் என்னத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். அவர்கள் திரும்பிவந்தது பின்னேரம் நாலரைக்கு. அதுவரை நான் பஸ் நிற்கும் சந்தியிலேயே நின்றேன்.