பேசக் கூடாத பயிற்சி

தீர்த்தமலை அடிவாரத்துக் கூடத்தில் அந்தச் சனிக்கிழமை இருந்தவர்கள்: எங்கள் தொண்டு நிறுவனத்தின் மகளிர் சங்கத் தலைவிகள் இருபத்திரண்டு பேர், சேலத்திலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர், அலுவலகத்து ஆட்கள் ஐந்து பேர். ஐந்து பேரில் நான்தான் பொறுப்பு. வராதவர் ஒரே ஒருவர், மேடம்.

மேடம் என்று நாங்கள் சொல்வது நிறுவனத்தைத் தொடங்கியவரை. அரூரில் ஒரு வாடகை வீட்டு மாடியில் நடக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. எங்களுக்கு நிதி தருகிறவர்கள், மேடத்துக்கு அறுபது வயது தாண்டியதும், உங்களுக்கு அப்புறம் யார் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த நிலைத் தலைமையை வளர்க்கத் தனியாகவே பணம் தருகிறோம், ஆனால் ஆறு மாதம் நீங்கள் அலுவலகத்துப் பக்கம் வரக் கூடாது என்றார்கள். மேடம் கோயம்புத்தூரில் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது பொறுப்பாளர் என்று என் பேரைச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பா கல் குவாரிக் கூலி, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். எங்கள் வூட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். சமூகப்பணி படிப்பை முடித்தவன் அலுவலகத்தில் நான் ஒருவன்தான் என்பதால் மேடம் என்னைச் சொல்லியிருக்கலாம். அவருடைய நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

பயம் எனக்கு மட்டும் இல்லை. எதையும் மேடத்தைக் கேட்டுத்தான் செய்வது என்று எல்லோரும் பழகியிருந்தோம். கழிவறைக்குப் பக்கெட் வாங்கக்கூட கேட்போம். அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. கூட்டத்தில் நான் ஒன்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு ஒவ்வொருவராக மாடிப்படிக்குப் போய்த் தனித்தனியாக அவருக்குப் போன் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். "நீங்களே பாருங்கப்பா" என்று அவர் சொல்வார். அவர் சொல்லிவிட்டார் என்ற நிம்மதியோடு படியிறங்கி வருவோம்.

அந்த ஆறு மாதத்தில் நாங்கள் நடத்த வேண்டியிருந்த பெரிய வேலை இந்த இரண்டு நாள் முகாம். சங்கத் தலைவிகளுக்குத் தலைமைப் பண்பு பயிற்சி. கூடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். விசிறி ஓடுகிறதா, தண்ணீர் வருகிறதா, கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தேன். பின்பக்கத்துத் தரிசு நிலத்தை நான் பார்க்கவில்லை. நிகழ்ச்சி கூடத்துக்குள்தானே.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் கண்ணயர்ந்தார்கள். பயிற்சியாளர் நல்ல மனிதர். யாரையும் கடிந்துகொள்ளாமல், வெளியே போய் ஒரு விளையாட்டு விளையாடலாம் என்றார். இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். கூட்டிப்போகிறவர் வாய் திறக்கக் கூடாது. தொடுவதால் மட்டுமே வழி சொல்ல வேண்டும். இதில்தான் ஒருவரை ஒருவர் நம்புவது வரும், நம்பிக்கை வந்தால் தலைமை வரும் என்றார். பின்பக்கம் நடக்க இடம் இருக்கிறதா, பத்திரமான இடமா என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். கூடத்துக் காவலாளி சாப்பிடப் போயிருந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தலையாட்டினோம்.

காலையில் வேப்பங்குச்சி ஒடிக்கப் போன இரண்டு தலைவிகளுக்கு அங்கே கிணறு இருப்பது தெரியும். சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு. தண்ணீர் வற்றி அடியில் சேறும் கல்லுமாகக் கிடப்பது. விளிம்பு தெரியாமல் உன்னிச்செடி மூடியிருந்தது. சாருங்களுக்குத் தெரியாமலா கூட்டிப்போவார்கள் என்று இருந்துவிட்டோம் என்று பிறகு சொன்னார்கள்.

கம்பைநல்லூர் பக்கத்துச் சங்கத்தின் தலைவிக்குக் கண் கட்டியிருந்தது. அவரைக் கைபிடித்துப் போனவர் அதியமான்கோட்டைப் பக்கத்துத் தலைவி. ஊர்ப் பேரால்தான் அவர்களைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். எல்லா ஜோடிகளும் சிரித்துக்கொண்டே போனார்கள். "ஏம்புள்ள, என்னைக் கொண்டுபோயி வேற வூட்டுல வுட்டுடாத" என்று கம்பைநல்லூர் அக்கா சொன்னதும், அதற்கு எல்லோரும் சிரித்ததும் என் காதில் இப்போதும் இருக்கிறது. நான் வராந்தாவில் நின்று மாலை டீக்கு எத்தனை டம்ளர் வேண்டும் என்று சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். சிரிப்பு ஒரு இடத்தில் நின்றது. கத்தல் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அதியமான்கோட்டை அக்கா விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில், பிடிக்கப் போனதில் கழன்று வந்த கண்கட்டுத் துண்டு மட்டும் இருந்தது. என்னக்கா ஆச்சு என்று கேட்டேன்.

"கையைப் புடிச்சு இழுத்தேன் சார். அது விளையாட்டுன்னு நெனச்சு இன்னும் ஒரு எட்டு வெச்சிருச்சு."

"சொல்லக் கூடாதாக்கா, கெணறு இருக்குதுன்னு?"

"பேசக் கூடாதுன்னீங்களே சார்."

கீழே பார்த்தேன். மூன்று ஆள் ஆழம் இருக்கும். புடவையின் நிறம் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

அடுத்து நாங்கள் செய்தது எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஐந்து பேரும் போனை எடுத்தோம். ஐந்து பேரும் மேடத்தைக் கூப்பிட்டோம். ஒருவர் அழைப்பில் மணி அடித்தது, மேடம் எடுக்கவில்லை. மற்ற நான்கு பேருக்கும், நீங்கள் தொடர்புகொள்ளும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது. வைத்துவிட்டு மறுபடியும் போட்டோம். மறுபடியும் அதே குரல். கிணற்றைச் சுற்றி ஐந்து பேர் காதில் போனோடு நின்றோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. 

கீழேயிருந்து குரல் வந்தது. "சார், காலு இருக்குதான்னு தெரியலைங்க சார்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன். மேடத்தின் எண்ணை அழித்துவிட்டு 108 போட்டேன். அந்தப் பக்கம் பேசிய பெண் நிதானமாகக் கேட்டார். பேசுகிறாரா, மூச்சு விடுகிறாரா, எந்த இடம். இடம் சொல்லும்போது என் நாக்கு குழறியது. நான் வளர்ந்த தாலுகா, எனக்கே அடையாளம் சொல்ல வரவில்லை. தீயணைப்பு வண்டியும் வரும், அதுவரைக்கும் அடிபட்டவரை அசைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தார்.

அதற்குள் ஊர்ப் பையன்கள் கயிற்றுக் கட்டிலும் வடக்கயிறுமாக வந்துவிட்டார்கள். கட்டிலை இறக்கி, அக்காவைத் தூக்கிப் போட்டு, இழுத்துவிடலாம் என்றார்கள். இறங்கி அவர் தலையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், தூக்க வேண்டாம் என்றேன். வண்டி அரூரிலிருந்து எப்போது வந்து சேரும் என்று ஒருவன் கேட்டான். தெரியாது என்றேன். கூட்டம் கூடிக்கொண்டே போனது. கீழே அக்காவின் குரல் நின்றுபோயிருந்தது. கூட்டத்தில் வயதான ஒருவர் என்னைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பொம்பளையக் கெணத்துல தள்ளிப்போட்டு வேடிக்கை பாக்கறானுங்க. படிச்சவனுங்களாம்."

தலைவிகளும் இழுக்கச் சொன்னார்கள். என் கூட வேலை பார்க்கிறவர்களைப் பார்த்தேன். யாராவது சரி என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும் என்றிருந்தது. அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் மேடத்தைப் பார்ப்பது போலவே.

"வேணாங்க. ஆரும் தூக்கக் கூடாது" என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. இடுப்பு ஒடிந்திருந்தால் இழுப்பதில் செத்துப்போவார். இழுக்காமல் விட்டு, உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் செத்துப்போவார். எதில் செத்தாலும் சொன்னவன் நான். இறங்கிய பையன்களிடம் அவர் மூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒருவன் சலித்துப்போய், "இருக்குதுங்க, நீங்க கொஞ்சம் மூச்சு வுடுங்க" என்றான்.

வண்டிகள் வந்தன. பலகையில் கட்டி மேலே ஏற்றினார்கள். தருமபுரிப் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். வலது தொடை எலும்பு இரண்டு துண்டு, இடுப்பெலும்பில் விரிசல். உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நடப்பாரா என்று கேட்டேன். ஆபரேஷன் செய்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார். காத்திருந்தது சரியா தப்பா என்று அவரிடம் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

மேடம் சாயங்காலம் கூப்பிட்டார். கோயிலுக்குப் போயிருந்தாராம், போன் பையில் இருந்ததாம். எல்லாவற்றையும் சொன்னேன். இனி என்ன செய்வது என்று அவர் சொல்லப்போகிறார், நான் செய்யப்போகிறேன் என்று காத்திருந்தேன். 

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலப்பா" என்றார்.

கிணற்றடியில்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

வீட்டிலும் செய்தி போயிருந்தது. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒருவர் வந்து என் பேரும் ஊரும் எழுதிக்கொண்டு போனதை யாரோ அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். எங்கள் மாதிரி வூட்டில் பேர் எழுதிக்கொண்டு போனார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா போனில், அந்தப் பொம்பளை எப்படியிருக்கிறாள் என்று முதலில் கேட்டார். அப்புறம், "உன்னப் படிக்க வெச்சதே தப்பா கண்ணு?" என்றார். அப்பா பின்னாலிருந்து, கொஞ்ச நாளைக்குச் சின்னம்மா ஊருக்குப் போய் இருக்கச் சொல்லு என்று சொல்வது கேட்டது. போயிருப்பேன். பஸ் நிலையம் ஆஸ்பத்திரியிலிருந்து தூரமில்லை.

கம்பைநல்லூர் அக்காவின் புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். மறுநாள் காலையில் அண்ணன் தம்பி இரண்டு பேரோடு வந்தார். பயிற்சிக்கு அக்காவை அனுப்பவே அவருக்கு மனமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தவர் மேடம்தான். வார்டுக்குள் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகத்தில் சிமெண்டுத் தூசி அப்படியே இருந்தது. அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தம்பி ஏதோ கத்த ஆரம்பித்தார். அவரைக் கையால் நிறுத்திவிட்டு, வரிசையாக நின்ற எங்கள் ஐந்து பேரையும் பார்த்தார்.

"காசைப் பத்தி அப்புறம் பேசலாம். அவ நடக்கறமட்டும் ஆரு பொறுப்பு? ஒரு ஆளச் சொல்லுங்க. அஞ்சு பேரச் சொல்லாதீங்க."

எங்களில் கணக்கு பார்க்கிற அண்ணன் தரையைப் பார்த்தார். பேசாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றிருந்தால் அவரே அலுத்துப்போய் உள்ளே போயிருப்பார்.

"நான்தாங்க" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரு தம்பி? அப்பன் என்ன பண்றாரு?" சொன்னேன். கல் குவாரி என்றதும் அவர் முகத்தில் என்னவோ மாறியது. கோபம் போனது என்று சொல்ல முடியாது. "அப்ப நீ இங்கயே இரு. புள்ளைங்க ரெண்டும் வூட்டுல தனியாக் கெடக்குது. நான் போயிப் பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நம்பித்தான் விட்டுப்போனாரா, என்னைச் சோதித்துப் பார்க்க விட்டுப்போனாரா, தெரியாது. பெண்கள் வார்டில் நான் தங்க முடியாது. வாசலில் நின்றேன். எங்கள் ஐந்து பேரில் களப்பணி பார்க்கும் பெண்கள் இருவர், நான் கேட்பதற்கு முன்பே, இன்றைக்கு யார் நாளைக்கு யார் என்று பேசி முடித்துவிட்டு உள்ளே போனார்கள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதியமான்கோட்டை அக்கா ஊருக்குப் போக மறுத்துவிட்டார். வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து, ஆபரேஷன் முடியும்வரை அங்கேயே இருந்தார். இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் அரசுக் காப்பீட்டில் முடிந்தது. மற்ற செலவுகளை முகாமின் மீதிப் பணத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று அலுவலகத்தில் நான் கேட்டபோது, கணக்கு பார்க்கிற அண்ணன் தலையாட்டவில்லை. "முடியாதுங்க. அது பயிற்சிக்குன்னு வந்த காசு. வேற வழி பாக்கலாம்" என்றார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது. பிறகு, படியிறங்கிப் போய் அவர் யாருக்கும் போன் போடவில்லை என்பதைக் கவனித்தேன். நடந்ததை மறைக்காமல் எல்லாவற்றையும் எழுதி நிதி தருகிறவர்களுக்கு அனுப்பினோம். அடுத்த வருடம் பணம் வராது என்று நினைத்துக்கொண்டுதான் அனுப்பினேன். பதில் வருவதற்குள் எனக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. வந்த பதிலில், இனி எந்த முகாமுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு என்ன என்று முதலிலேயே எழுதித் தர வேண்டும் என்று மட்டும் இருந்தது. கிணற்றுக்கு வேலி போட்ட பிறகுதான் அந்தக் கூடத்துக்காரரிடம் மறுபடி பேசினோம்.

கம்பைநல்லூர் அக்கா நடக்கிறார். ஊன்றுகோல் இல்லாமல், வலது காலை லேசாக இழுத்து. களையெடுக்கக் குனிய முடியாது. சங்கக் கூட்டத்துக்கு வருகிறார், நான் ஏதாவது சொன்னால் முதலில் மறுத்துப் பேசுவது அவர்தான். அவர் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் என் கண் முதலில் அவர் வலது காலுக்குத்தான் போகிறது.

ஆபரேஷன் போக மற்ற செலவுகளுக்கு நாங்கள் ஐந்து பேரும் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தோம், மேடமும் பயிற்சியாளரும் ஆளுக்கு ஒரு பங்கு போட்டார்கள். வண்டி வாடகை, மருந்து, வாக்கர், பிசியோதெரபிக்குப் போய்வந்த செலவு, அக்காவின் புருஷன் பெங்களூரில் இழந்த கூலி, அக்கா வேலைக்குப் போகாத மாதங்களின் கூலி, எல்லாம் சேர்த்து எழுபத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.