நாற்பத்தைந்தில் ஓடிய பாட்டு

மகள் புதிதாக ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருக்கிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைப் பழசென்று தூக்கிப் போடுகிறார்கள், எதைத் தேடி வாங்குகிறார்கள் என்று எனக்குப் பிடிபடுவதே இல்லை. நம் வீட்டுப் பரணில் ஒரு ரெக்கார்டு கிடக்குமே, கொண்டு வாங்கப்பா என்றாள். அம்பத்தூரிலிருந்து அவளுடைய பூந்தமல்லி பிளாட்டுக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அட்டையைப் பிரித்ததும் மிஷின் ஆயில் வாசனை வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, என் மூக்கை நம்ப முடியாது.

அது மாணிக்கத்தினுடையது. சென்னைப் பாடியில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் நானும் அவனும் ஒரே ஷிப்ட். நடைபாதைக் கடையில் பழையதாக வாங்கி வந்தான். கிதாரை வைத்துக்கொண்டு தொழிலாளிக்காகக் கத்திப் பாடுகிற வெள்ளைக்காரப் பாட்டு என்று கடைக்காரர் சொன்னாராம். அட்டையில் கிதார் படம் மட்டும்தான்.

கம்பெனி லாக்-அவுட் செய்து எங்களை வெளியே நிறுத்தியபோது கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தோம். மைக்செட்காரரின் பிளேயர் நாற்பத்தைந்து ஸ்பீடிலேயே இறுகிப்போன சாமான். முப்பத்துமூன்றில் சுற்ற வேண்டிய ரெக்கார்டு அதில் தலைதெறிக்க ஓடும். குரல் கீச்சென்று வரும். பாடுவது ஒரு பொம்பளை என்றே நம்பினோம். "இன்னா கோவம் பாரு அந்தம்மாவுக்கு" என்பான் மாணிக்கம். ஒரு வரி புரியாது, ஆனால் கைதட்டலில் பந்தல் ஆடும்.

மூன்றாம் மாதம் நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. நன்னடத்தை உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டால் உள்ளே வரலாமாம். போடவே கூடாது என்று எல்லாரும் சத்தியம் செய்தோம். என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். போட்டுவிட்டேன். பந்தலைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் போனேன்.

அன்று சாயங்காலம் மாணிக்கம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "இத்த நீயே வச்சிக்க மச்சான்" என்று ரெக்கார்டைக் கையில் திணித்துவிட்டுப் போனான். பிளேயரே இல்லாத எனக்கு எதற்கு ரெக்கார்டு? காறித் துப்பியதற்குச் சமம் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பேச்சு அதோடு நின்றது. அவன் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. வேலை போயிற்று.

மகள் ஊசியை வைத்தாள். ஓர் ஆண் குரல், மெதுவாக, அழுகிறவன் போல. ரெக்கார்டு மாறிப்போச்சும்மா என்றேன். அவள் உறைக்குள்ளிருந்து பாட்டு அச்சடித்த தாளை உருவிப் படித்துச் சொன்னாள். அன்று வயிற்றில் இருந்தவள் இவள்தான். பாட்டுக்காரன், ஸ்டிரைக் நடுவே வேலைக்குத் திரும்பிய சிநேகிதனைப் பார்த்துப் பாடுகிறானாம். உன் வீட்டில் பசி, நீ போ, எனக்கு உன்மேல் கோபமில்லை என்கிறானாம்.

மாணிக்கம் அந்தத் தாளைப் பார்த்தானா? யாரிடமாவது படிக்கக் கொடுத்தானா? இல்லை, வேண்டாத சாமான் என்று என் தலையில் கட்டினானா? அவனுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லையே, சே!

மறுநாள் பாடிக்குப் போனேன். பவுண்டரி இருந்த இடத்தில் அடுக்குமாடி. பந்தல் போட்ட இடத்தில் கார்கள். டீக்கடையில் ஒருத்தர், மாணிக்கம் குத்தம்பாக்கம் பக்கம் குடிபோய்விட்டான் என்றார். இன்னொருத்தர், செத்து அஞ்சு வருஷம் இருக்குமே என்றார். எதை நம்புவது?

அவன்தான் என்னோடு பேச்சை முறித்துக்கொண்டான் என்று இத்தனை வருஷமும் சொல்லிவந்திருக்கிறேன். அந்த லாக்-அவுட் முடிந்த பிறகு ஒருநாள் பாடி பஸ் ஸ்டாப்பில் "மச்சான்" என்று கூப்பிட்டது அவன். காதில் விழாத மாதிரி பஸ் ஏறியது நான்.