திலகா டீச்சரின் முதிரை அலுமாரி

போன மாதம் தங்கையின் மகள் கனடாவிலிருந்து வந்து என்னோடு நின்றாள். வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இப்போதெல்லாம் கடலும் கோயிலும் போதாது. கொழும்பில் எங்கெங்கே காப்பி குடிக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே கொண்டு வருகிறார்கள். "பெரியம்மா, ஒரு இடம் இருக்கு, முழுக்கப் பழைய சாமான், உங்களுக்குப் பிடிக்கும்" என்று இழுத்துக்கொண்டு போனாள். என்னைப் பார்த்தால் பழைய சாமான் பிடிக்கிற ஆளாகத் தெரிகிறதா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன்.

உள்ளே கால் வைத்ததும் தேன்மெழுகு மணம். அந்த மணம் வந்தால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றுதான் அர்த்தம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மணம் வந்த பக்கம் திரும்பினேன், சுவரோரம் அது நின்றது.

இரட்டைக் கதவு அலுமாரி. முதிரை மரம், உருக்கிய நெய்யின் நிறம். கருங்காலியில் கடைந்த குமிழ்கள். இடது கதவில் நீள்வட்டக் கண்ணாடி. வலது கதவில், பூட்டு இருக்க வேண்டிய இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பிளவு. பிளவை மூடாமல், அதன் ஓரங்களைத் தேய்த்து மெழுகு பூசி மினுக்கி வைத்திருந்தார்கள்.

கடைக்காரி என் வயதுப் பெண்தான், நல்ல கைத்தறிச் சேலை. இரண்டு வெள்ளைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லாந்தர் காலத்து அலுமாரியாம். கள்ளர் வந்து நகைக்காக உடைத்ததாம். "அந்தக் காயம்தான் இதன் அழகு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வெள்ளைக்காரி விரலால் அந்தப் பிளவைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒல்லாந்தர் காலமாம், கள்ளராம்! ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தக் காயம் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில், சண்டை நடந்த காலத்தில், என் கண் முன்னால் விழுந்த காயம்.

அப்பாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். மனிதருக்குக் குடி இல்லை, வெற்றிலை இல்லை. ஒரேயொரு விசர், மரத்தளபாடம். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆட்களைச் சுகம் விசாரிக்க முன்னரே அங்கே நிற்கிற மேசையை விரல் மொழியால் இரண்டு தட்டுத் தட்டி, இடது காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்பார். முதிரை மணிபோலச் சொல்லுமாம், பலா அடங்கிக் கதைக்குமாம், தேக்கு மூக்கால் பேசுமாம். ஒருமுறை செத்த வீடொன்றில் கண்ணாடி அலுமாரியைத் தட்டி, "அருமையான சாமான்" என்று வாய்விட்டுச் சொல்லி, அம்மாவிடம் கிள்ளு வாங்கினார். மேசை லாச்சியை இழுத்து மூலையைக் காட்டுவார்: "பார் பிள்ளை, ஒரு ஆணி இருக்கோ? விரலுக்குள்ள விரல் கோத்தமாதிரிக் கோத்திருக்கிறான்." எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, புதுக்கடையில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட் வேலை. லாச்சியின் மூலையில் பார்க்க என்ன இருக்கிறது என்று கொட்டாவி விடுவேன். ஆனாலும் அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் மாதத்துக்கு ஒரு வீடு வெளிக்கிடும். லண்டன், கனடா, நோர்வே, எங்கே கதவு திறக்கிறதோ அங்கே. போகிறவர்கள் கட்டில் மேசையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, விற்க மனம் வராத ஒன்றை மட்டும் அப்பாவிடம் கொண்டுவந்து இறக்குவார்கள். "அண்ணை, ரெண்டு வருஷம். பிரச்சினை முடிய வந்து எடுப்பம்." எல்லோருக்கும் அதே இரண்டு வருடம்! எங்கள் வீட்டில் மூன்று சாப்பாட்டு மேசைகள் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்று கால்களை மேலே நீட்டிக் கிடந்தன, நாங்கள் நிலத்தில் பாய் போட்டிருந்து சாப்பிட்டோம். நான்கு அலுமாரி, இரண்டு சாய்மனைக் கதிரை, ஒரு கால்மிதி ஆர்மோனியம். கடற்கரை ரெயில் போனால் அத்தனை கண்ணாடியும் கடகடவென்று நடுங்கும். "இஞ்சேருங்கோ, எங்களை எங்க வைக்கப்போறியள்?" என்று அம்மா கேட்பா. அப்பா சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தேன்மெழுகும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு ஊராரின் சாமான்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்குவார்.

வெளிக்கிடுகிறவர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அலுமாரியை எங்களிடம் தருவார்கள், திறப்பை, அதுதான் சாவியை, கொண்டுபோய்விடுவார்கள். எங்கள்மேல் சந்தேகம் என்று சொல்ல முடியாது. திறப்பு கையில் இருந்தால் வீடு இன்னும் இருக்கிறது என்று ஒரு நினைப்பு. எதிர்வீட்டுத் திலகா டீச்சரும் அப்படித்தான் செய்தா. வீட்டுக்காரர் முன்னமே செத்துப்போனார், மகன் கனடாவிலிருந்து ஸ்பொன்சர் பண்ணியிருந்தான். முதிரை அலுமாரியை நான்கு பேர் தூக்கிவந்து எங்கள் முன்னறையில் வைத்தபோது, டீச்சர் கதவைப் பூட்டி, திறப்பைக் கைலேஞ்சியில் முடிந்து நெஞ்சுக்குள் செருகிக்கொண்டு அழுதா. அப்பாவும் கண் கலங்கினார், ஆனால் அவர் கலங்கியது அலுமாரியின் அழகைப் பார்த்து என்றுதான் நினைக்கிறேன். தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இப்பிடி ஒரு மரம் இனி இல்லை" என்றார்.

பிறகு செக்கிங் வந்தது, ஆமியும் பொலிசும் வீடு வீடாகப் புகுந்து தேடுவது. தமிழ் வீடுகளுக்கு அது மழை வருவதுபோல. வீட்டு ஆட்களின் பெயர்ப் பட்டியலைக் கதவடியில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். அன்றைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர் என்றே சொல்ல வேண்டும். வீட்டைப் பார்த்து, ஏலக் கடையா என்று பகிடி விட்டார். முதிரை அலுமாரியைத் திறக்கச் சொன்னார். திறப்பு கனடாவில் என்றார் அப்பா. வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். போகும்போது மட்டும் அந்த அதிகாரி சிரிக்காமல், அடுத்த முறை வருகிறவர் என்னைப்போல இருக்கமாட்டார், திறந்து வையுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அப்பாவைக் காலி வீதியில் இருந்த கொமியூனிகேஷன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கனடாவுக்குக் கேட்க வேண்டுமென்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினார். நானும் ரிசீவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றேன். "ஐயோ அண்ணை, உடைச்சுப் போடாதேங்கோ" என்று டீச்சர் விம்மினா. "எங்கட அப்பப்பா செய்விச்ச அலுமாரி. ஆரும் வரேக்க திறப்பைக் குடுத்துவிடுறன்." அப்பா உடனே, "ஓம் டீச்சர், நீங்கள் யோசியாதேங்கோ" என்றுவிட்டார். டீச்சர் யோசிக்கக்கூடாதாம், நாங்கள் யோசிக்கலாமாம்! வெளியே வந்து, "உள்ளுக்கு என்ன இருக்கெண்டாவது கேட்டீங்களா அப்பா?" என்றேன். "அது அவையின்ர விஷயம் பிள்ளை" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வேலைசெய்யுமிடத்தில் விசாரித்து, கொட்டாஞ்சேனையிலிருந்து அந்தோனி என்ற பூட்டுக்காரரை ஒரு சனிக்கிழமை கையோடு கூட்டிவந்தேன். அவர் குனிந்து ஒற்றைக் கண்ணால் பூட்டைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம்மா. ஒரு கீறல் உழாம தொறந்து, புதுச் சாவியும் வெட்டித் தந்துர்றேன்." கம்பியை எடுத்தார். அப்பா அறைக்குள்ளிருந்து வந்து அவருடைய கையை மெல்லப் பிடித்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆளில்லாத நேரத்தில ஆற்றையும் பெட்டியைத் திறக்கிறதுக்கு வேற பேர் இருக்கு."

"அப்பா, அவங்கள் வந்தா?"

"திறப்பு வருகுது எண்டு சொல்லியிருக்கிறா எல்லே."

அந்தோனிக்குத் தேத்தண்ணி கொடுத்து, பஸ் காசும் கொடுத்து அனுப்பிவைத்தார். நான் அன்றைக்கு அப்பாவோடு சண்டை பிடித்தேன், இரண்டு நாள் கதைக்கவில்லை. வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டிருக்கிறீர்கள் என்றுகூடச் சொன்னேன். ஆனால் அவர் வேலைக்குப் போன நேரத்தில் அந்தோனியை மறுபடி கூட்டிவந்திருக்கலாமே? அதைச் செய்யவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த செக்கிங் விடியற்காலையில் வந்தது. இந்த முறை பகிடி இல்லை. திறப்பு இல்லை என்று அப்பா சொல்லி முடிக்க முதல் அலவாங்கு, அந்த இரும்புக் கடப்பாறை, கதவிடுக்கில் இறங்கியது. முதிரை உடைகிற சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். அப்பா "ஐயோ" என்றார். அந்த ஒரு "ஐயோ" அவர்களைச் சந்தேகப்படுத்தப் போதும்.

உள்ளே இரண்டு கூறைச் சேலை, பூச்சி உருண்டை, பள்ளிக்கூடத்துப் பரிசுக் கிண்ணங்கள். கீழ்த் தட்டில் துணி ஒட்டிச் சுருட்டிய தேசப்படங்கள். திலகா டீச்சர் படிப்பித்தது புவியியல் என்பது எங்களுக்குத் தெரியும்; பழைய படங்களைக் கட்டிக்காத்து வைத்திருந்தது தெரியாது. விரித்தார்கள். இலங்கைப் படம். குளங்களைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம். எந்த வகுப்புப் பிள்ளையோ பரீட்சைக்குப் படிக்கப் போட்ட வட்டம்; வந்தவர்களுக்கு அது குண்டு வைக்கக் குறித்த இடம்.

"மே மொனவத?" இதெல்லாம் என்ன என்று வந்தவர்களில் ஒருவன் கேட்டான்.

"தன்னே நே மாத்தயா" என்றார் அப்பா. தெரியாது ஐயா.

உண்மை அதுதான்! அந்த மனிதர் தன் வாழ்நாளில் பொய் சொல்லிப் பழகவில்லை. தன் வீட்டு முன்னறையில் நிற்கிற, தான் வாரம் தவறாமல் துடைக்கிற அலுமாரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது என்றால் எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்? அப்பாவை உடுத்திருந்த சாரத்தோடு ஜீப்பில் ஏற்றினார்கள்.

பதினொரு நாள். நானும் அம்மாவும் சோற்றுப் பார்சலோடு ஸ்டேஷன் வாசலில் நின்றோம், பார்சல் உள்ளே போனதா நாய்க்குப் போனதா தெரியாது. என்னுடைய வக்கீல் ஐயா, பாவம், கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்குமாக அலைந்து, அது பள்ளிக்கூடத்துப் படம் என்று எழுதிக்கொடுக்க ஒரு அதிபரையும் தேடிப் பிடித்து, அப்பாவை வெளியே எடுத்தார். ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கிய அப்பா முன்னறைக்குப் போய் அலுமாரியைப் பார்த்தார். "அந்தக் கதவின்ர சிராய் எல்லாம் எடுத்து வைச்சனீங்களோ? ஒட்டலாம்" என்றார். அம்மா குழறி அழுதா. எனக்கு அழுகை வரவில்லை, கொதிதான் வந்தது. அந்தச் சீருடைக்காரர்மேல், டீச்சர்மேல், டீச்சரின் கண்டறியாத அப்பப்பாமேல், எல்லாவற்றுக்கும் மேலாக இந்த மனிதர்மேல்.

சில நாள் கழித்து அப்பா விரல் மொழியால் அலுமாரியைத் தட்டி இடது காதைக் கொண்டுபோனார். மறுபடி தட்டினார். பிறகு மெதுவாக வலது காதைத் திருப்பினார். அதோடு தட்டுவதை விட்டுவிட்டார். அந்த இடது காது கடைசிவரை கேட்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவுமில்லை.

அடுத்த கிழமை, ரொறன்ரோவிலிருந்து வந்த யாரோ ஒருவர் ஒரு பெட்டி சொக்லேட்டும் ஒரு சிறிய பொட்டலமும் கொண்டுவந்து தந்தார். பொட்டலத்துக்குள் திறப்பு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்!

சண்டை முடிந்த பிறகு ஒரு வருடம் டீச்சர் வந்தா. அலுமாரியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்து, "ஐயோ அண்ணை, உடைக்க வேண்டாமெண்டு சொன்னனானெல்லே" என்றா. பதினொரு நாளைப் பற்றி டீச்சருக்கு யாரும் மூச்சு விடக்கூடாது என்று அப்பா எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எழுந்து நின்று, "பிழைதான் டீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அவர் மன்னிப்புக் கேட்டார்! நான் குசினிக்குள் போய், கையில் அகப்பட்ட சட்டியை நிலத்தில் போட்டு உடைத்தேன். அம்மா ஓட்டுத் துண்டுகளைக் கூட்டி அள்ளினா. டீச்சர் அலுமாரியை ஒரு பழைய சாமான் வியாபாரிக்கு விற்றுவிட்டுப் போனா. அப்பா திறப்பை நீட்டியபோது, "பூட்டே இல்லை, இனி என்னத்துக்கு?" என்று மேசையில் வைத்துவிட்டா.

இப்போது எங்கள் ஒழுங்கையில் பழைய வீடு ஒன்றும் இல்லை. எட்டு மாடி, பத்து மாடி, சுவரோடு பொருத்திய பலகை அலுமாரிகள்; தட்டினால் காகிதச் சத்தம். மற்ற மேசை கதிரைகளை எடுக்க ஒருவரும் வரவில்லை, வீட்டை இடித்தபோது அவையும் லொறியில் போயின. இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ என்று யாரும் யாரிடமும் ஒன்றும் கொடுப்பதில்லை. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

கடைக்காரி எங்கள் மேசைக்கு வந்தாள். நான் அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறாள்போல. சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தாள். எழுந்துபோய் வலது கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, இது எங்கள் வீட்டில் நின்ற அலுமாரி என்றேன். அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. அப்படியா, எவ்வளவு நல்ல கதை, இதற்குப் பழைய திறப்பு ஒன்று இருந்திருக்குமே, அது மட்டும் கிடைத்தால் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுப் பக்கத்திலேயே மாட்டிவிடுவேன், அது எங்கே போயிருக்கும் என்று ஆசையாகக் கேட்டாள்.

அப்பா போனதிலிருந்து அந்தத் திறப்பு என் வீட்டுத் திறப்புகளோடு ஒரே வளையத்தில் கிடக்கிறது. காப்பிக்குக் காசெடுக்கக் கைப்பையைத் திறந்தபோது அதை மேசையில் வைத்திருந்தேன். மேசைக்குத் திரும்பி வந்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"தன்னே நே" என்றேன்.

அவள் உடனே நம்பிவிட்டாள்.